கிடங்கில் கோதுமை

வறுமையை ஒழிப்போம் என்று எழுதாத சுவர் நம் நாட்டில் இல்லை. வெள்ளையடித்து மறைத்தாலும் அடுத்த தேர்தலுக்குள் திரும்ப முளைத்துவிடும். அதனால், நாற்பது ஐம்பது அமைப்புகள் கைகோத்து வறுமைக்கு எதிராகக் கிளம்புகின்றன என்று படித்தால் எனக்கு முதலில் எழும் கேள்வி: சரி, என்ன கேட்கிறார்கள்?

2001-இல் ராஜஸ்தானில் கேட்டவர்கள் கச்சிதமாகக் கேட்டார்கள். மழை பொய்த்துக்கொண்டே வந்த காலம். இன்று நீ சாப்பிடு, நாளை நான் என்று முறைவைத்து உண்ட வீடுகள் இருந்தன. ஜெய்ப்பூருக்குப் பக்கத்திலேயே அரசுக் கிடங்கில் கோதுமை மக்கிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு நாட்டின் கையிருப்பு ஏறத்தாழ 6 கோடி டன்! கிடங்கு நிரம்பி வழிகிறது, பக்கத்து ஊரில் உலை ஏறவில்லை. இதை விளக்க எந்தப் பொருளாதார நிபுணரும் வேண்டியதில்லை.

அந்தத் தானியத்தைப் பசித்தவர்களுக்குக் கொடு என்று கேட்டு ஏப்ரலில் மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றம் போனது. மனுவில் இருந்தது ஒரு பெயர். பின்னால் திரண்டது ஒரு கூட்டம். கூலிக்காரர் சங்கம், பெண்கள் அமைப்பு, ஆதிவாசிக் குழு என்று ஆளுக்கொரு கொடி. சேர்ந்து டீ குடிக்கவே யோசிப்பவர்களும் அதில் இருந்திருப்பார்கள். உணவு உரிமைப் பிரச்சாரம் என்ற பெயரில் நின்றார்கள்.

நவம்பர் 28-இல் வந்த ஆணையைப் பாருங்கள்: அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு, குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம், ஆண்டுக்கு 200 நாள். அதுவரை பல மாநிலங்களில் பிள்ளைக்கு மாதம் 3 கிலோ தானியம் அளந்து கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். சத்துணவு மணிக்குத் தட்டோடு ஓடி வளர்ந்த எனக்கு இதுதான் ஆச்சரியம். 1956-இல் காமராஜரும் 1982-இல் எம்.ஜி.ஆரும் இங்கே செய்ததை அங்கே கோர்ட் சொல்லிச் செய்ய வேண்டியிருந்தது.

சொல்லியும் செய்யவில்லை என்பது வேறு கதை. 2002 ஏப்ரல் 9 அன்று பல மாநிலங்களில் பிள்ளைகள் காலித் தட்டோடு தெருவில் நின்றார்கள். அடுத்த மாதம் ஆணையைக் கண்காணிக்க நீதிமன்றம் நியமித்த இருவரில் ஒருவர் நம் தஞ்சைப் பக்கத்து எஸ்.ஆர். சங்கரன். கொத்தடிமைகளை மீட்பதில் பேர் வாங்கிய அதிகாரி அவர், ஏய்ப்பது எளிதல்ல.

ராஜஸ்தானில் அந்த ஜூலையில் அடுப்பு எரிந்தது. கொடுத்தது கூக்ரி; வெல்லம் போட்டு வேகவைத்த கோதுமை. தினமும் அதேதான். பிள்ளைகளுக்குச் சலித்துப்போனது, சிலருக்கு வயிறு வலித்தது. அமைப்புகள் மறுபடி கிளம்பின: மாற்றிச் சமைத்துப் போடு.

இப்போது கேட்பது முட்டை. நம்மூர்ச் சத்துணவில் எப்போதோ வந்துவிட்டது. வடக்கே பல மாநிலங்களில் அது சைவமா அசைவமா என்பதிலேயே நிற்கிறது.