பசித்த குடலும் பழித்த நாவும்

தோட்டத்துத் தமிழன் பருத்திருந்தால் அவன் பெருந்தீனிக்காரன். அவன் கல்லீரல் கெட்டுப்போனால் அவன் குடிகாரன். நம்மிடையே நெடுநாளாக வழங்கிவரும் இரண்டு தீர்ப்புகள் இவை. இவற்றை வழங்குவோர் அயலார் மட்டுமல்லர். படித்து முன்னேறிய நம்மவரும், மேடையேறிச் சமுதாயத்திற்கு அறிவுரை கூறும் பெரியோரும், ஏன், பருத்த மாணவனைப் பட்டப்பெயர் சூட்டி அழைக்கும் ஆசிரியர் சிலரும் இதே தீர்ப்பை நாள்தோறும் படித்துக் காட்டுகின்றனர். சாட்சியை விசாரியாமலே எழுதப்பட்ட தீர்ப்பு இது. சாட்சியோ நம் குடலுக்குள்ளேயே இருக்கிறது.

மனிதனின் குடலில், சிறப்பாகப் பெருங்குடலில், ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்று 2016இல் வெளிவந்த கணக்கீடு ஒன்று கூறுகிறது. நம் உடலின் சொந்த உயிரணுக்களின் தொகையும் ஏறக்குறைய அவ்வளவே. நம்மால் செரிக்க இயலாத நார்ச்சத்தே அவற்றுக்கு உணவு. அதனை உண்டு, குடற்சுவரைப் பேணும் பியூட்டிரேட் போன்ற அமிலங்களை அவை நமக்குத் திருப்பித் தருகின்றன. 2004இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், ஜெஃப்ரி கார்டன் என்னும் அறிஞரின் ஆய்வுக்கூடத்தில், நுண்ணுயிர் ஏதுமின்றி வளர்க்கப்பட்ட சுண்டெலிகளுக்கு இயல்பான சுண்டெலிகளின் குடல் நுண்ணுயிர்களை அளித்தனர். முன்னைவிடக் குறைவாகவே தின்றும், இரண்டே வாரங்களில் அவற்றின் உடற்கொழுப்பு ஏறத்தாழ 60 விழுக்காடு கூடியது. உண்ட அளவு மட்டுமே உடலைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

2013இல் அதே ஆய்வுக்கூடத்தினர் மேலும் ஒரு படி சென்றனர். ஒருவர் பருத்தும் ஒருவர் மெலிந்தும் இருந்த இரட்டையரின் குடல் நுண்ணுயிர்களைச் சுண்டெலிகளுக்கு மாற்றினர். பருத்தவரின் நுண்ணுயிர்களைப் பெற்றவை கொழுப்பேறின. பின்னர் இருவகைச் சுண்டெலிகளையும் ஒரே கூண்டில் விட்டபோது, மெலிந்தவரின் நுண்ணுயிர்கள் மற்றவற்றின் குடலிலும் குடியேறிக் கொழுப்பேறுவதைத் தடுத்தன. ஆனால் ஒன்று: கொழுப்புக் குறைந்து நார்ச்சத்து மிகுந்த தீனி கிடைத்தபோதுதான் அக்குடியேற்றம் நிகழ்ந்தது. காய்கனி குறைந்து கொழுப்பு மிகுந்த தீனியில் அது நிகழவில்லை. சுண்டெலியிடம் கண்டது மனிதனுக்கு அப்படியே பொருந்திவிடாது. பரம்பரைக்கும் உழைப்புக்கும் உறக்கத்திற்கும் பங்கு உண்டு. எனினும் உணவுத் தட்டே குடலின் குடிமக்களைத் தேர்ந்தெடுக்கிறது என்னும் உண்மையை மறுக்க இயலாது.

இனிக் கல்லீரலைக் காண்போம். கல்லீரலுக்குள் பாயும் குருதியில் ஏறத்தாழ முக்கால் பங்கு, குடற்பகுதியிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருவது. குடல் அனுப்பும் நன்மையும் நஞ்சும் முதலில் சேருமிடம் கல்லீரலே. குடற்சுவர் நலிந்தால் பாக்டீரியாக்களின் நச்சுக்கூறுகள் அதன் வழியே கசிந்து கல்லீரலில் அழற்சியை மூட்டுகின்றன. நாம் உண்ணும் சீனியில் பாதி ஃபிரக்டோஸ். அது அளவுக்கு மிஞ்சினால் குடல் நுண்ணுயிர்கள் அதனை அசிட்டேட்டாக மாற்றுவதையும், கல்லீரல் அதிலிருந்து கொழுப்பை உருவாக்குவதையும் 2020இல் வெளிவந்த ஆய்வொன்று சுண்டெலிகளில் காட்டியது. அதற்கு முந்திய ஆண்டில் சீன அறிஞர்கள் மேலும் வியப்பானதொரு செய்தியை வெளியிட்டனர். மது அருந்தாதவர்க்கு வரும் கொழுப்புக் கல்லீரல் நோயால் வருந்தியவருள், அவர்கள் ஆராய்ந்த குழுவில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினரின் குடலில், உண்ட மாப்பொருளிலிருந்து தானே மதுவை ஆக்கும் ஒருவகை பாக்டீரியா இருந்ததாம். ஒரு சொட்டும் பருகாத தாயின் கல்லீரல் கெடுவதற்கும் வழி உண்டு என்பதை இனியேனும் உணர்வோமா? 2023இல் உலகக் கல்லீரல் மருத்துவச் சங்கங்கள் இந்நோயின் பெயரையே மாற்றி, மது என்னும் சொல்லை அதிலிருந்து அகற்றின. பெயரிலேயே நோயாளி மீது பழி படிந்திருந்தது என்பது அம்மாற்றத்திற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. மருத்துவ உலகம் கைவிட்ட பழியை நாம் ஏன் இன்னும் சுமந்து திரிகிறோம்?

கள்ளும் சம்சுவும் தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றைச் சிதைத்தன என்பதை யான் மறைக்கவில்லை. ஆனால் அக்கள்ளுக்கடை தோட்டத்துக்குள் எப்படி வந்தது? ஆட்சியின் இசைவோடு வந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதையும் தம் கோரிக்கைகளுள் ஒன்றாக வைத்தனர். குடிகாரர் என்று பழிக்கப்பட்டவர்களே கடையை மூடச் சொன்னார்கள்!

உணவுத் தட்டின் கதையும் இத்தகையதே. 1929இல் ஜே. ஏ. ரசல் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அம்மலைச் சரிவுகளைத் தேயிலைத் தோட்டங்களாக்கிய உழைப்பில் தமிழரின் பங்கு பெரிது. கூடை சுமந்து சரிவுகளில் ஏறியிறங்கிக் கொழுந்து பறித்தவர் தம் கோப்பையில் இருந்தது என்ன? தேயிலைத் தூளும், அதன்மேல் சீனி மிகுந்த டின் பாலும். குளிர்ப்பெட்டி இல்லாத லயத்து வீட்டில் கெடாமல் இருந்ததும், குறைந்த செலவில் பசியை அடக்கியதும் அந்தப் பால்தான். அன்று மலையேறிய கால்கள் அச்சீனியை எரித்தன. இன்று கொழுந்து பறிப்போருட் பெரும்பாலோர் அயல்நாட்டுத் தொழிலாளர். அன்றைய தமிழரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பட்டணங்களில் உட்கார்ந்து வேலை செய்கின்றனர். உழைப்பு போயிற்று, கோப்பை போகவில்லை.

சோற்றையும் எண்ணிப் பாருங்கள். 1905, 1906ஆம் ஆண்டுகளில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வில்லியம் பிளெட்சர் நோயாளிகளுள் ஒரு பிரிவினருக்குத் தீட்டிய பச்சரிசியும், மற்றொரு பிரிவினருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்து ஆராய்ந்தார். பெரிபெரி நோய் பெரும்பாலும் பச்சரிசி உண்டவரையே தாக்கியது. புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர் அந்நோய்க்குப் பெரிதும் தப்பியதை டாக்டர் பிராடன் அந்நாளிலேயே குறித்தார். அரிசியில் எதை இழக்கிறோம் என்பதை உலகுக்கு உணர்த்திய நாடுகளுள் மலாயாவும் ஒன்று. அப்பாடத்தில் தமிழர் தட்டு நல்ல சான்றாக நின்றது. அதே சமுதாயம் இன்று வெண்மையே உயர்வு என்று தீட்டிய அரிசியை மலைபோல் குவித்து, கீரையையும் பயற்றையும் தட்டின் ஓரத்திற்குத் தள்ளிவிட்டதே!

“இன்று எவரும் யார் வாயிலும் ஊட்டுவதில்லை, நாவை அடக்காதது அவரவர் குற்றமே” என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் ஒரு கணக்கிற்கு விடை கூறட்டும். மலேசிய நாட்டு நலவாழ்வு ஆய்வுகளின்படி, மிகை எடையோ உடற்பருமனோ உடைய பெரியவர்கள் 2011இல் 44.5 விழுக்காடு, 2019இல் 50.1, 2023இல் 54.4. பன்னிரண்டே ஆண்டுகளில் ஒரு நாட்டு மக்களின் பேராசை திடீரெனப் பெருகிவிட்டதோ? மாறியது நாவன்று, சந்தை. அரசு 2019 ஜூலை முதல் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி விதித்தது. 2025இல் அது 90 சென்னாக உயர்ந்தது. நல்ல முயற்சியே. ஆயினும் கடையில் ஆற்றித் தரப்படும் தே தாரேக்கை அவ்வரி தொடுவதில்லை. தக்காளி முட்டைக்கோஸ் என நாட்டுக்கே காய்கறி விளைவித்து, சிங்கப்பூருக்கும் அனுப்பும் மலை கேமரன் மலை. அதன் அடிவாரத்துக் கடைகளில் ஒரு கோப்பை இனிப்புத் தேநீர், ஒரு தட்டுக் காய்கறியைவிட எளிதாகக் கிடைக்கும் நிலையை யார் உண்டாக்கினார்?

இவ்விடத்தில் இரு சாராரிடம் விழிப்பாக இருத்தல் வேண்டும். ஒரு சாரார், நல்ல பாக்டீரியாவை மாத்திரையில் அடைத்திருக்கிறோம் என்றும், கல்லீரலைக் கழுவும் தேநீர் என்றும் கூவி விற்போர். உரிய தீனியின்றி நல்ல நுண்ணுயிர் குடியேறாது என்பதை 2013ஆம் ஆண்டுச் சோதனை கூறிவிட்டது. காய்கறி வாங்க வேண்டிய பணத்தை மாத்திரைக்குக் கொடுப்பது, விதையை வாங்கிப் பாறையில் தூவுவதாகும். மற்றொரு சாரார், எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே என்று மார்தட்டுவோர். வள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் பத்துக் குறட்பாக்களில் பாதிக்கு மேல் உணவின் அளவையும் காலத்தையுமே பேசினார்; அது அவர் பெருமை. பாக்டீரியாவை அவர் கண்டார் என்பது பெருமையன்று, பொய். பழைய சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியா வளர்வது உண்மை. ஆறிய சோற்றின் மாப்பொருளில் ஒரு பகுதி செரியாமல் பெருங்குடலை அடைவதும் உண்மை. அதனால் அது எல்லா நோய்க்கும் மருந்தாகிவிடாது.

ஆசிரியப் பெருமக்களே! தானா ராத்தா முதல் தோட்டத்து ஓரம் வரை தமிழ்ப் பள்ளிகள் நம் கையில் இருக்கின்றன. குடல் நுண்ணுயிரைப் பற்றித் தமிழில் கற்பியுங்கள். தமிழுக்கு அந்த ஆற்றல் உண்டு. சிற்றுண்டிச்சாலையில் கடலையும் பயறும் பழமும் முன்வரிசையில் நிற்கட்டும். இனிப்பு நீர் விழாக்களில் வெற்றிப் பரிசாக வழங்கப்படாதிருக்கட்டும். பெற்றோர் கூட்டத்தில் இனிப்பில்லாத தேநீர் வழங்கிக் காட்டுங்கள். தேயிலையின் உண்மையான சுவையை, அதைப் பறித்தவரின் பேரப்பிள்ளைகள் முதன்முறையாக அறியட்டும். மாணவர்களே! பருத்த தோழனைப் பழிக்காதீர்கள். அவன் தட்டில் எது விழுகிறது, அதை விற்றது யார், விலை வைத்தது யார் என்று கேளுங்கள். அக்கேள்வியைக் கேட்கத் துணிந்த தலைமுறையே தன் பாட்டனின் உழைப்புக்கு நன்றி செலுத்திய தலைமுறையாகும்.