தாய்ப் போட்டிக்கு இடமில்லை

புதிதாக ஒன்று தொடங்கினால் படத்துடன் செய்தி போடுவோம். அதுவே ஓசையின்றி நின்றுபோனால் எழுதுவதற்கு எமக்குப் பத்தி கிடைப்பதில்லை. எமது தொழிலின் பழைய குறை இது. அமெரிக்காவில் மூத்த தொழில்முறை வீரர்களுக்காக நடந்துவந்த 'லெஜெண்ட்ஸ் ஒப் கோல்ப்' போட்டியும் அவ்வாறே மறைந்தது.

1978இல் டெக்ஸாஸ் மாநிலத்தின் ஒஸ்டின் நகரில், ஒனியன் கிறீக் மைதானத்தில் அது ஆரம்பமானது. தொலைக்காட்சித் தயாரிப்பாளர் பிரெட் ரபேலும் முன்னாள் வீரர் ஜிம்மி டெமரட்டும் அதனைத் தோற்றுவித்தனர். ஐம்பது வயதைத் தொட்டவர்கள் இருவர் இருவராக இணைந்து ஆடுவர். ஒவ்வொரு குழியிலும் இருவரில் சிறப்பாக ஆடியவரின் எண்ணிக்கையே கணக்கில் சேரும். ஒருவர் தளர்ந்தால் மற்றவர் தாங்கலாம். முதலாண்டில் கார்ட்னர் டிக்கின்சனுடன் இணைந்து வென்ற சாம் ஸ்னீட்டுக்கு வயது 65.

திருப்பம் 1979இல் வந்தது. ஜூலியஸ் போரோஸ் - றொபேர்ட்டோ டி விசென்சோ இணையும், டொமி போல்ட் - ஆர்ட் வோல் இணையும் சமநிலையில் நின்றன. வெற்றியைத் தீர்மானிக்க மேலும் ஆறு குழிகள் ஆடவேண்டியதாயிற்று. வென்றவர் டி விசென்சோ இணை. 1968 மாஸ்டர்ஸ் போட்டியில், சக வீரர் 3க்குப் பதிலாக 4 எனத் தவறாகக் குறித்த அட்டையில் கையொப்பமிட்டு வாய்ப்பை இழந்தாரே, அதே ஆர்ஜென்டீனர்தான்! தொலைக்காட்சியில் அதைக் கண்ட பின்னர், முதியவர்களின் ஆட்டத்தை யார் பார்ப்பார்கள் என்ற கேள்வி செல்லாததாயிற்று.

மறு ஆண்டே, 1980இல், மூத்தோருக்கான தொழில்முறைச் சுற்று இரண்டு போட்டிகளுடன் உதயமானது. அவற்றுள் ஒன்றை வென்றவர் கறுப்பின வீரர் சார்லி சிபோர்ட். வெள்ளையருக்கு மட்டுமே உறுப்புரிமை என்ற விதி 1961 வரை அவரது வழியை மறித்திருந்தது. இளமையில் மறுக்கப்பட்டதில் ஒரு பங்கேனும் 58ஆவது வயதில் அவர் கைக்கு வந்தது. இதனை முதியோரின் பொழுதுபோக்கு எனச் சிலர் ஏளனம் செய்வதை என்னால் ஏற்க முடியாதிருப்பதும் இதனாற்றான்.

சுற்று வளர்ந்தது, அதற்கு வித்திட்ட போட்டியோ பலவற்றுள் ஒன்றாகச் சுருங்கியது. டெக்ஸாஸ், கலிபோர்னியா, புளோரிடா, ஜோர்ஜியா என இடம் மாறி அலைந்தது. 2000களில் சில ஆண்டுகள் அதனைத் தனிநபர் போட்டியாகவும் மாற்றிப் பார்த்தனர். அதன் உயிரே இணையாட்டம் என்பதை மறந்தார்கள் போலும். 2014 முதல் மிசூரி மாநிலத்தின் பிக் சீடர் விடுதி மைதானங்களில் நடந்தது. 2019இல் ஸ்கொட் ஹொக்கும் டொம் பெர்னிஸும் வென்றதே கடைசி.

2020 போட்டியைக் கொரோனாத் தொற்று நிறுத்தியது உண்மை. ஆனால் முழுப் பழியையும் நோயின்மீது சுமத்துவது நியாயமன்று. மூத்தோர் சுற்றின் வேறு போட்டிகள் 2021இல் மீண்டும் நடந்தன. அச்சுற்றுக்கே காரணமான போட்டிக்கு மட்டும் நாட்காட்டியில் ஒரு வாரம் ஒதுக்கப்படவில்லை.