26 டொலர்

2019 ஜூலையில் உலக வங்கி இலங்கையை உயர் நடுத்தர வருமான நாடுகளின் வரிசையில் சேர்த்தது. மறு ஆண்டே இறக்கிவிட்டது. தலா தேசிய வருமானம் 4,060 டொலரிலிருந்து 4,020க்குக் குறைந்திருந்தது. வங்கி வகுத்த எல்லையோ 3,996இலிருந்து 4,046க்கு ஏறியிருந்தது. 26 டொலர் போதாமல் ஒரு நாட்டின் தரம் மாறியது. எந்த வீட்டு அடுப்பிலும் அதனால் அன்று எதுவும் மாறியிருக்காது.

திறைசேரியில் மாறும். ஒரு நாடு எந்த வகுப்பில் நிற்கிறது என்பதை வைத்துத்தான் அதற்குக் கிடைக்கும் கடனின் வட்டியும் தவணையும் பெரிதும் முடிவாகின்றன. 1997இல் குறைந்த வருமான வகுப்பைத் தாண்டிய இலங்கைக்கு, சொற்ப வட்டியில் நீண்ட தவணைக்குக் கிடைத்துவந்த சலுகைக் கடன்கள் படிப்படியாகச் சுருங்கின. 2007இல் முதன்முறையாக 50 கோடி டொலருக்கு சர்வதேசச் சந்தையில் பிணைமுறி விற்றோம். பிறகு அதுவே பழக்கமாயிற்று. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தோம். வரியைக் குறைத்தவர்களையும் பொதுப்பணத்தை விரயம் செய்தவர்களையும் இந்தக் கணக்கைக் காட்டித் தப்பவிட நாங்கள் தயாரில்லை. ஆனாலும் அந்தப் பாதையில் நாட்டைத் திருப்பியதில் 'நடுத்தர வருமானம்' என்ற பெயருக்கும் பங்குண்டு. அதே ஆண்டு ஒக்டோபரில், சலுகைக் கடனுக்காக நாட்டைக் குறைந்த வருமான நாடாகக் கருதும்படி கேட்க அமைச்சரவையே இணங்கியது. டிசம்பரில் உலக வங்கி அந்தக் கதவை மீண்டும் திறந்தது.

வருமானத்தை மட்டும் வைத்து நாடுகளைத் தரம் பிரிப்பதில் உள்ள அநீதியைப் பாகிஸ்தானியப் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் நன்கு அறிந்திருந்தார். 1990இல் அவர் முன்னின்று உருவாக்கிய மானிட அபிவிருத்திச் சுட்டி, வருமானத்தோடு ஆயுளையும் கல்வியையும் சேர்த்தது. வாழ்வின் இத்தனை பக்கங்களையும் ஒற்றை எண்ணுக்குள் திணிக்கலாமா என்று அமர்த்தியா சென் தயங்கினார். தேசிய வருமானம் என்ற எண்ணோடு மல்லுக்கட்ட இன்னொரு எண் வேண்டும் என்பதில் ஹக் உறுதியாக இருந்தார். ஹக் செய்ததே சரி என்று நினைக்கிறோம். இலவசக் கல்வியும் இலவச மருத்துவமும் தந்த பெருமையை இலங்கைக்கு உலக அரங்கில் எடுத்துச்சொன்னது அந்தச் சுட்டிதான்.

2022 செப்டெம்பரில் வந்த அதன் அறிக்கை இலங்கைக்கு 191 நாடுகளில் 73ஆம் இடம் கொடுத்தது; வகுப்பு, 'உயர் மானிட அபிவிருத்தி'. அதே மாதம் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 95 சதவீதத்தை ஒட்டி நின்றது. அறிக்கை பொய் சொல்லவில்லை. அது 2021ஐ அளந்தது. ஆயுளும், வளர்ந்தவர்கள் பள்ளியில் கழித்த ஆண்டுகளும் ஒரு வருடப் பட்டினியில் கரைந்துவிடுவதில்லை. இந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். எங்களால் பொறுக்க முடியாதது சராசரி.

மலையகத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று சொல்லிச் சில கிலோ கழிக்கப்படும். குறித்த நிறை வராவிட்டால் அரைப்பேர், பாதிநாள் சம்பளம்தான். கழிக்கப்பட்ட கொழுந்தும் தொழிற்சாலைக்குப் போகிறது, தூளாகிக் கப்பலேறுகிறது, டொலராகித் தலா வருமானத்தில் சேர்கிறது. 2021இல் வர்த்தமானியில் வந்த 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்கே எத்தனை ஆண்டுப் போராட்டம்! அரசின் 2019 கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் வறியவர்கள் 14.3 சதவீதம், பெருந்தோட்டத் துறையில் 33.8. கல்வி, சுகாதாரம், வாழ்க்கைத்தரம் ஆகிய பல பரிமாணங்களில் பார்த்தாலோ தோட்டங்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வறியவர்கள். இந்த மக்களையும் உள்ளடக்கித்தான் 73ஆம் இடம். நாடு இலவசக் கல்வியைக் கொண்டாடிய காலத்தில் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்க எழுபதுகள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கொழும்பின் பள்ளி ஆண்டுகளோடு அந்தப் பிள்ளைகளின் பள்ளி ஆண்டுகளைக் கூட்டி வகுத்தால் வருவது யாருடைய கல்வியும் இல்லை.

ஏற்றத்தாழ்வுக்காக மதிப்பைக் குறைத்துக் காட்டும் சுட்டி ஒன்றும் 2010 முதல் வெளிவருகிறது. நல்ல முயற்சி. எவ்வளவு இழப்பு என்று அது சொல்லும். இழந்தது நுவரெலியாவா முல்லைத்தீவா என்று சொல்லாது.

ஆகவே எங்கள் கோரிக்கை கொழும்பை நோக்கியது. சர்வதேச அறிக்கைக்காகத் திரட்டும் அதே தரவுகளை மாவட்டவாரியாக, நகரம், கிராமம், தோட்டம் எனப் பிரித்து, ஒவ்வோர் ஆண்டும் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடுங்கள். கடன் பேச்சுவார்த்தை மேசையில் நாட்டின் சராசரியோடு அந்தப் பிரிவுகளையும் வையுங்கள். தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்து லய வீடுகளில் வாழும் குடும்பத்துக்குத் தான் படுத்துறங்கும் நிலம் சொந்தமா என்பதையும் அபிவிருத்தியின் அளவுகோலாக எண்ணுங்கள்.