நெய்வேலியின் பிள்ளைகளும் மருத்துவக் கல்வியும்

பூமியின் கர்ப்பத்திலிருந்து பழுப்பு நிலக்கரியை அகழ்ந்தெடுத்து, தென்னாட்டுக்கு ஒளி வழங்கிவரும் நெய்வேலித் தொழிலாளர் குடும்பங்களில், தம் பிள்ளை வைத்தியராகவோ செவிலியாகவோ மருந்தாளுநராகவோ விளங்க வேண்டுமென்னும் அபிலாஷை எழும்போது, சிந்தை முதலில் நாடுவது இதே கடலூர் மாவட்டத்தில் 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் சிதம்பரம் வளாகத்தையே. அங்கு 1985இல் எழுந்த ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, அரசுக் கல்லூரிகளுக்குரிய கட்டணமே தமக்கும் வேண்டுமென்று மாணவர்கள் நடத்திய நெடிய போராட்டத்தின் பயனாக, 2021இல் மாநிலச் சுகாதாரத் துறையின் வசம் ஒப்படைக்கப்பெற்றது, கல்வி தனவந்தர்க்கு மட்டும் உரியதன்று என்னும் தர்மத்தின் வெற்றியாகும். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 2020 முதல் வழங்கப்பெறும் 7.5 சதவீத ஒதுக்கீடும் அந்தத் தர்மத்தின் பாற்பட்டதே.

ஆயினும், ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ். ஒன்றையே மகுடமாகக் கொண்டு, நான்காண்டுச் செவிலியப் பட்டத்தையும் மருந்தியல் பட்டத்தையும் தோற்றவர்களின் புகலிடமாக எண்ணும் மனோபாவம் நம்மிடையே இன்னும் நீங்கவில்லை. வைத்தியர் நிர்ணயிக்கும் சிகிச்சை, மருந்தின் அளவும் குணமும் அறிந்தவர் ஒருவரும், இரவெல்லாம் கண்விழித்து நோயாளியைப் பேணுபவர் ஒருவரும் இல்லாவிடில் பூர்த்தியாவதில்லை.

ஆகவே, அரசு இம்மூன்று படிப்புகளுக்கும் சமமான ஆதரவு அளித்திடுக. பெற்றோரும் மூன்றையும் சமமாக மதித்திடுக.