படுத்திருந்தாலும் உடம்புக்குச் செலவு உண்டு

"மிஸ், நான் ஒரு நேரம்தான் சோறு சாப்பிடுறன். பிறகும் ஏன் உடம்பு வைக்குது?" கிராமங்களுக்குப் போகும்போது நாற்பது வயதைத் தாண்டிய சகோதரிகள் பலர் கேட்கும் கேள்வி இது. சாப்பாட்டை இன்னும் குறைக்கத்தான் அவர்கள் யோசிக்கிறார்கள்.

நாம் ஒரு வேலையும் செய்யாமல் படுத்திருந்தாலும் இதயம் துடிக்கிறது, மூச்சு ஓடுகிறது, மூளையும் ஈரலும் வேலை செய்கின்றன. இதற்குச் செலவாகும் சக்தியை ஓய்வுநிலை அனுசேபம் என்பார்கள். பெரும்பாலானோரின் நாளாந்தச் சக்திச் செலவில் அரைவாசிக்கு மேல் இதற்கே போகிறது.

இதைச் சரியாக அளப்பதற்கு, மூச்சில் உள்ளெடுக்கும் ஒட்சிசனையும் வெளிவிடும் காபனீரொட்சைட்டையும் கணக்கெடுக்கும் கருவி இருக்கிறது. ஊர்க் கிளினிக்கில் அதைத் தேட வேண்டாம். 1990 இல் அமெரிக்காவில் மிஃப்லின் என்பவரும் அவரது குழுவினரும் வெளியிட்ட கணக்கு ஒன்று போதும். உங்கள் நிறையை (கிலோ) 10 ஆல் பெருக்குங்கள். உயரத்தை (சென்ரிமீற்றர்) 6.25 ஆல் பெருக்கி அதோடு கூட்டுங்கள். வயதை 5 ஆல் பெருக்கிக் கழியுங்கள். கடைசியில் 161 ஐயும் கழியுங்கள். 45 வயது, 150 சென்ரிமீற்றர், 62 கிலோ உள்ள பெண்ணுக்கு ஏறக்குறைய 1,170 கிலோகலோரி வரும். இது மதிப்பீடுதான், ஆளுக்காள் கொஞ்சம் கூடிக் குறையும். தண்ணீர் அள்ளுவதும் தோட்ட வேலையும் இதற்கு மேலதிகம்.

பட்டினி கிடந்தால் உடம்பு இந்தச் செலவைக் குறைத்துக்கொள்ளும். 1944-45 இல் அமெரிக்காவின் மினசோட்டாவில், தாங்களாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். நிறையில் கால்வாசி போனது. ஓய்வுச் செலவு சுமார் 40 சதவீதம் இறங்கியது. எந்நேரமும் குளிர், களைப்பு, சாப்பாட்டு நினைவு. 2009 இல் கஞ்சியோடு நாட்களைக் கழித்தவர்களுக்கு இதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த இளைஞர்கள் திரும்பச் சாப்பிடத் தொடங்கியபோது, தசையை விடக் கொழுப்புத்தான் முந்தி ஏறியது.

ஒரு நேரச் சோற்றுக்கு வருவோம். காலையில் வெறும் தேத்தண்ணி. அப்படி ஒரு நாளைக்கு ஐந்து தரம், தரத்துக்கு மூன்று தேக்கரண்டி சீனி. சீனியில் மட்டும் 240 கிலோகலோரி போய்விடுகிறது. பிள்ளைகள் மிச்சம் விட்டதை எறிய மனமில்லாமல் சாப்பிடுவதை நாங்கள் சாப்பாடாகவே எண்ணுவதில்லை. பிறகு பின்னேரம் மூன்று மணிக்குப் பசியோடு ஒரு பெரிய கோப்பைச் சோறு. எல்லோருக்கும் கொடுத்து மிஞ்சினால் தாய்க்கு என்ற வழக்கத்தை நான் தியாகம் என்று புகழ மாட்டேன். உழைத்துக் குடும்பத்தைத் தாங்குபவளும் அவள்தானே?

ஆகவே வெட்ட வேண்டியது சீனியை. காலைச் சாப்பாட்டை அல்ல. குரக்கன் பிட்டோ அவித்த பயறோ, முடிந்த நாளில் ஒரு முட்டையோ நெத்தலியோ சேரட்டும். தசை கரையாமலிருக்கப் புரதம் வேண்டும். வைத்தியர் சொல்லாமல் உங்கள் ஓய்வுக் கணக்குக்குக் கீழே சாப்பாட்டை இறக்காதீர்கள். இன்சுலினோ நீரிழிவுக் குளிசையோ எடுப்பவர்கள் நேரம் தவறினால் இரத்தச் சீனி திடீரென இறங்கி மயங்கி விழவும் கூடும். நிறை ஏறுவதோடு களைப்பு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல் இருந்தால் தைரொயிட் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். அந்தச் சுரப்பி மந்தமானாலும் ஓய்வுச் செலவு குறையும்.

காலை இழந்த சகோதரிகளுக்கு ஒன்று. தராசு காட்டும் நிறையில் அந்தக் கால் இல்லை. முழங்காலுக்குக் கீழான பகுதி உடல் நிறையில் ஏறக்குறைய 6 சதவீதம். அதனால் கொழுப்புக் கூடியிருந்தும் அட்டையில் உங்கள் நிறை அளவாகத் தெரியலாம். செயற்கைக் காலைக் கழற்றிவிட்டு நிறுக்கச் சொல்லுங்கள், இழந்த பகுதியையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கும்படி தாதியிடம் கேளுங்கள்.