பல் வலிக்கு இன்சூரன்ஸும் வராது, 80டி-யும் வராது: மாசம் 500 ரூபாய்தான் வழி

"அண்ணா, ரூட் கெனாலும் கேப்பும் சேர்த்து 18,000 ஆச்சு. இதை 80டி-ல காட்டலாமா?"

கீரனூர்ல ரிட்டர்ன் ஃபைல் பண்ண வந்த ஒரு தம்பி கேட்டார். திருச்சியில் வேலை, மாசம் 32,000 சம்பளம். காட்ட முடியாதுன்னு சொன்னேன். கம்பெனி இன்சூரன்ஸ்ல கேட்டுப் பார்த்தாராம், அங்கேயும் இல்லை. பில் முழுக்க கிரெடிட் கார்டில் நிற்குது. மினிமம் டியூ மட்டும் கட்டிட்டு வர்றார்.

கணக்கு பாருங்க. மாசம் 3.5% வட்டின்னா 18,000-க்கு 630 ரூபாய். அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி 113. ஒரே மாசத்துல 743 ரூபாய் போச்சு.

முதல்ல 80டி-யைத் தெளிவாக்கிடுவோம். அது முக்கியமா ஹெல்த் இன்சூரன்ஸ் பிரீமியத்துக்கான கழிவு. உங்க சொந்தப் பல் சிகிச்சை பில்லுக்கு அதில் இடமில்லை. புதிய வரி முறையில் இருந்தா பிரீமியத்துக்கே கழிவு கிடையாது. ஒரு விதிவிலக்கு உண்டு. 60 வயசு ஆன அப்பா அம்மாவுக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் இல்லைன்னா, அவங்க மருத்துவச் செலவைப் பழைய முறையில் வருஷத்துக்கு 50,000 வரை காட்டலாம். ரொக்கமா கொடுத்தா செல்லாது. யூபிஐ-யிலோ கார்டிலோ கட்டி பில்லை வச்சுக்கோங்க.

இன்சூரன்ஸ் விஷயத்துக்கு வருவோம். சாதாரண பாலிசிகள் மருத்துவமனையில் அட்மிட் ஆகுற செலவுக்கானவை. விபத்தில் பல் உடைஞ்சு அட்மிட் ஆனா பெரும்பாலும் கிடைக்கும். கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்து செஞ்சுக்கிற ஃபில்லிங், ரூட் கெனால் எல்லாம் ஓபிடி கணக்கு. பாலிசியில் ஓபிடி கவர் இருந்து, அதில் பல்லும் சேர்ந்திருந்தால்தான் கிளெய்ம். ஹெச்ஆர்-கிட்ட ஒரு மெயில் போட்டுக் கேட்டுடுங்க.

என் கருத்து இதுதான்: பல் செலவு திடீர்ச் செலவே இல்லை, அது தள்ளிப்போட்ட செலவு. காய்ச்சல் தானா இறங்கும், சொத்தைப் பல் தானா ஆறாது. சின்னக் குழியா இருக்கும்போது ஃபில்லிங்கோட முடியும். விட்டா நரம்பு வரைக்கும் போய் ரூட் கெனால், கேப். அதையும் விட்டா பல்லைப் பிடுங்கி பிரிட்ஜோ இம்ப்ளான்ட்டோ வைக்கணும். படிக்குப் படி பில் பல மடங்கு ஏறும். வலி நின்னுட்டா சரியாயிடுச்சுன்னு அர்த்தமில்லை, நரம்பே செத்திருக்கலாம்.

உபதேசம் பண்ற தகுதி எனக்கும் குறைவுதான். ஆடிட் சீசன் முடியட்டும்னு ஒரு கடைவாய்ப்பல்லைத் தள்ளிப்போட்டு, ஃபில்லிங்ல முடிய வேண்டியதைக் கேப் வரைக்கும் கொண்டுபோனவன் நான்.

அதனால இப்படிச் செய்யுங்க.

1. மாசம் 500 ரூபாய் ஆர்டி போடுங்க. மூணு வருஷத்துல போட்ட பணமே 18,000. அந்தத் தம்பியோட பில் அவ்வளவுதான்! ஆறு மாசத்துக்கு ஒரு தடவை செக்கப் செலவையும் இதிலிருந்தே எடுங்க.

2. சிகிச்சைக்கு முன்னாடி எஸ்டிமேட்டை எழுத்துல கேளுங்க. எக்ஸ்ரே, ரூட் கெனால், கேப் தனித்தனியா இருக்கணும். கேப் எந்த மெட்டீரியல், வாரண்டி எத்தனை வருஷம், எதை உடனே செய்யணும், எது காத்திருக்கலாம்னு கேளுங்க. நல்ல டாக்டர் கோவிச்சுக்க மாட்டார்.

3. 'நோ காஸ்ட் இஎம்ஐ'-ன்னா பிராசஸிங் ஃபீஸையும் வட்டி மேல வர்ற ஜிஎஸ்டியையும் கூட்டிப் பாருங்க. மினிமம் டியூவில் மட்டும் ஓட்டாதீங்க.

"500 ரூபாய்க்கே வழியில்லை அண்ணா"ன்னு சொல்றவங்களுக்கும் வழி இருக்கு. சம்பளம் 21,000-க்குள்ள இருந்து இஎஸ்ஐ பிடிக்கிறாங்கன்னா, பல் பிரிவு இருக்கிற இஎஸ்ஐ மருத்துவமனைக்குப் போங்க. அது உங்க காசு. நம்ம ஊரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர்ல, புதுக்கோட்டையில் 2023-ல் திறந்த அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு. சென்னையில் இருந்தால் கோட்டை ஸ்டேஷன் பக்கம் அரசு பல் மருத்துவக் கல்லூரி. காத்திருக்கணும், லீவு போடணும். ஆனாலும் மாசம் 743 ரூபாய் வட்டி கட்டுறதுக்கு அரை நாள் லீவு மலிவு.

பைக்குக்கு ஆயில் மாத்துற தேதி ஞாபகம் இருக்குல்ல? கடைசியா பல் டாக்டரைப் பார்த்த தேதி ஞாபகம் இல்லைன்னா, இந்தச் சனிக்கிழமைக்கே அப்பாயின்ட்மென்ட் வாங்கிடுங்க.