குதிரையா, கோவேறு கழுதையா... மலையேற எது கெட்டி?

புதுச்சேரியைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஐயனார் கோயிலுக்குப் போனால் மண் குதிரைகள் கம்பீரமாக நிற்கும். கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை ஏறுவதும் குதிரைதான். கோவேறு கழுதைக்கு அந்த மரியாதை கிடையாது. பெயரிலேயே 'கழுதை' ஒட்டிக்கொண்டிருப்பதால் திட்டுவதற்குத்தான் அதன் பெயர் உதவுகிறது.

ஆனால், இங்கிருந்து கேதார்நாத் யாத்திரை கிளம்பும் குடும்பங்கள் 'குதிரை' என்று நினைத்து ஏறி உட்காருவது பல நேரம் கோவேறு கழுதையின் முதுகில்தான். வடக்கே அதை 'கச்சர்' என்பார்கள். கௌரிகுண்டிலிருந்து கோயிலுக்குச் சுமார் 16 கிலோமீட்டர் மலைப்பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். உயிரை நம்பி ஒப்படைக்கும் விலங்கைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லதுதானே?

அம்மா குதிரை, அப்பா கழுதை

பெண் குதிரைக்கும் ஆண் கழுதைக்கும் பிறப்பது கோவேறு கழுதை. குதிரைக்கு 64 குரோமோசோம்கள், கழுதைக்கு 62. இரண்டுக்கும் நடுவே இதற்கு 63. ஒற்றைப்படையாக இருப்பதால் இனப்பெருக்கம் கிட்டத்தட்ட நடக்கவே நடக்காது. ஒவ்வொரு கோவேறு கழுதைக்கும் மறுபடி ஒரு குதிரையும் ஒரு கழுதையும் தேவை.

உடல்வாகும் பலமும் அம்மாவிடமிருந்து வருகின்றன. கெட்டியான குறுகிய குளம்பு, வெயிலைத் தாங்கும் தன்மை, குறைந்த தீனியில் சமாளிக்கும் குணம் எல்லாம் அப்பா வீட்டுச் சீதனம். நன்றாகப் பராமரித்தால் பெரும்பாலும் குதிரையைவிடக் கூடுதல் காலம் வாழும், உழைக்கும்.

கோவலன் ஏறிய வாகனம்

தமிழில் இதற்கு 'அத்திரி' என்ற பழைய பெயர் உண்டு. சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத் தலைவனின் அத்திரி உப்பங்கழிச் சேற்றை மிதித்து வருகிறது. சிலப்பதிகாரத்தில் கடலாடப் போகும்போது மாதவி வண்டியில் போக, கோவலன் அத்திரியில் ஏறிப் போகிறான். புகார் நகரத்துப் பெரும் வணிகர் வீட்டுப் பிள்ளை! நம் காரைக்காலுக்கு வடக்கே உள்ள பூம்புகார்க் கடற்கரையில் ஒரு காலத்தில் இது கௌரவமான வாகனம்.

நின்றால் பிடிவாதமா?

பயந்தால் குதிரை ஓடும். திறந்த வெளியில் உயிர் பிழைக்க அதற்குத் தெரிந்த வழி அதுதான். கோவேறு கழுதை பயந்தால் பெரும்பாலும் நின்றுவிடும். பாலம் ஆடுகிறதா, கல் வழுக்குகிறதா என்று பார்த்து, தனக்குத் திருப்தியான பிறகுதான் காலை வைக்கும். இதைத்தான் நாம் பிடிவாதம் என்கிறோம். பள்ளத்தின் ஓரத்தில் மிரண்டு ஓடுவதைவிட நிற்பது எவ்வளவோ மேல்.

புத்தியிலும் சளைத்ததல்ல. 2008-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், உருவங்களை வேறுபடுத்தி அறியும் சோதனையில் குதிரை, கழுதை இரண்டையும்விட கோவேறு கழுதைகள் நன்றாகச் செய்தன. அதே ஞாபக சக்தியால் அடித்தவரையும் எளிதில் மறக்காது.

குதிரை ஜெயிக்கும் இடம்

வேகம் என்று வந்துவிட்டால் குதிரைதான். பந்தயம், போலோ, சமவெளிச் சவாரி எல்லாவற்றுக்கும் அதுவே பொருத்தம். பழக்குபவரிடம் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். கோவேறு கழுதையின் நம்பிக்கையைப் பெறப் பொறுமை வேண்டும். சேணத்திலும் வித்தியாசம் உண்டு. இதற்குத் தோள் மேடு தட்டையாக இருக்கும். குதிரைச் சேணத்தை அப்படியே மாட்டினால் இறக்கத்தில் முன்னால் சரியும். அதனால்தான் வாலுக்கு அடியில் ஒரு பட்டை கொடுத்துப் பின்பக்கம் இழுத்துக் கட்டுகிறார்கள்.

சட்டம் சொல்லும் கணக்கு

நம் நாட்டில் 1965-லேயே வண்டி இழுக்கும், சுமை சுமக்கும் விலங்குகளுக்கென வதைத் தடுப்பு விதிகள் வந்துவிட்டன. அதன்படி முதுகில் ஏற்றக்கூடிய அதிகபட்ச சுமை: கழுதைக்கு 50 கிலோ, மட்டக்குதிரைக்கு 70 கிலோ, கோவேறு கழுதைக்கு 200 கிலோ. வித்தியாசத்தைப் பாருங்கள்! ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேலும், இடைவெளி இல்லாமல் 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. வெயில் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 மணி வரை வேலையே கூடாது. புதுச்சேரியின் அக்னி நட்சத்திர நாள்களில் சாரட்டுக்குச் சொல்லி வைப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டிய விதி இது.

200 கிலோ தாங்கும் என்பதற்காக ஓய்வே இல்லாமல் ஓட்டினால் எந்த விலங்கும் தாங்காது. 2022-ல் கேதார்நாத் பாதையில் ஏராளமான குதிரைகளும் கோவேறு கழுதைகளும் செத்து விழுந்தது நாடு முழுக்கப் பேசப்பட்டது. 2025 மே மாதம் அவற்றுக்குத் தொற்றுக் காய்ச்சல் பரவி, சவாரியையே சில நாள்கள் நிறுத்த வேண்டியதாயிற்று.

ஏறும் முன் இதைப் பாருங்கள்

* முதுகிலும் வயிற்றுப் பட்டை கட்டும் இடத்திலும் புண் இருக்கிறதா? நொண்டுகிறதா? மூக்கு ஒழுகுகிறதா? இருந்தால் ஏறாதீர்கள்.

* உங்கள் எடை 70 கிலோவுக்கு மேல் என்றால் மட்டக்குதிரையைத் தவிர்த்து, கோவேறு கழுதையைக் கேளுங்கள். அடையாளம் எளிது: காது குதிரைக்கு உள்ளதைவிட நீளம், பிடரி மயிர் குறைவு.

* பதிவு எண் உள்ள விலங்கை, அரசு முன்பதிவு கவுன்ட்டர் வழியாக மட்டும் எடுங்கள்.

* ஏற்றத்தில் உடலை முன்னால் சாய்த்தும், இறக்கத்தில் பின்னால் சாய்த்தும் உட்காருங்கள்.

* வழியில் அது நின்றால் குதிரைக்காரரை அடிக்கவிடாதீர்கள். தண்ணீர் காட்டச் சொல்லுங்கள். பத்து நிமிடம் தாமதமானால் சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.